வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள்

கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது வேண்டாம். முதல் வேலை, மணியைப் பார்ப்பது. பதற்றத்தில் ஒரு நிமிடம்கூடப் பத்து நிமிடம் போலத் தெரியும். டாக்டர் முதலில் கேட்பதும் வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்றுதான்.

பக்கத்தில் இருக்கும் நாற்காலி, அடுப்பு, கண்ணாடிப் பொருட்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம், மூட்டு விலகிவிடலாம்.

வாயில் ஸ்பூனோ விரலோ வைக்கவே கூடாது. தாடை இறுகும் வேகத்தில் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபட்டாலும் அது ஆறிவிடும். இரும்புச் சாவி? மூளைச் செல்களில் தாறுமாறாகப் பாயும் மின்துடிப்பு பெரும்பாலும் 1 முதல் 3 நிமிடத்தில் தானே அடங்கும். நல்ல பெயர் சாவிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். மல்லாக்கக் கிடந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். நன்றாகத் தெளிந்து பேசும்வரை தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம்.

5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ, முதல் முறை என்றாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ உடனே 108. கூட இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்பது நரம்பியல் மருத்துவருக்குப் பெரிய துப்பு.