பீர் தொப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

தீபாவளிக்குப் பேண்ட் தைக்கக் கொடுத்தபோது "இடுப்பு 36" என்று சொன்னேன். தெருமுனைத் தையல்கடைப் பெரியவர் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீங்க பேண்ட்ட தொப்பைக்குக் கீழ பள்ளத்துல மாட்டுறீங்க. அங்கதான் 36. தொப்புள்கிட்ட 41 நிக்குது பாருங்க." பத்து வருடமாக ஒரே அளவு பேண்ட் போடுகிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த ஆள் நான்.

அந்த 41 அங்குலத்தை 37-க்கு இறக்க எட்டு மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் வீண். ஜிம்மில் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பதினோரு நாள் போனேன். வீட்டில் தினமும் ஐம்பது சிட்-அப் எடுத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகுதான் வேலையின் வரிசையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன் என்று புரிந்தது. தொப்பை பீர் பாட்டிலில் மட்டும் இல்லை. பாட்டிலைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆறேழு மணி நேரத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு உடற்பயிற்சிக்குப் போனால் உடம்பு கேட்கிறது. நான் செய்த வரிசையில் இல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: யார் டாக்டரிடம் போக வேண்டும்

தினமும் குடிக்கிறவர், காலையில் ஒரு வாய் உள்ளே போகாவிட்டால் கை நடுங்குகிறவர், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வயிறு மட்டும் பானைபோல் இறுகிப் பெருத்து, கால் வீங்கி, கண் மஞ்சளாக இருந்தால் அது கொழுப்பாக இல்லாமல் கல்லீரல் கெட்டு வயிற்றில் சேர்ந்த நீராக இருக்கலாம். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது என்றாலும் முதலில் டாக்டர், பிறகு நடை.

மற்றவர்களும் ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எனக்கு வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்தது, அதாவது கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, ஆரம்ப நிலை. பயமுறுத்திய அந்த ஒரு தாள், ஜிம்காரர் ஒட்டியிருந்த எந்தப் போஸ்டரையும்விட நன்றாக வேலை செய்தது.

படி 1: சரியாக அளந்துகொள்ளுங்கள்

பேண்ட் அளவை நம்பாதீர்கள். ஐம்பது ரூபாய்கூட ஆகாத தையல் டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில், சட்டையில்லாமல் நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் படியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறப் போவது நீங்கள்தான்.

இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இன்னொரு எளிய கணக்கு: இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரம் என்றால் 85.

"நான் ஒல்லிதான், வயிறு மட்டும்தான் கொஞ்சம்" என்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்காக ஒரு பழைய செய்தி. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே ஒப்பிட்டு 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். எடை மெஷின் நம்மைப் போன்றவர்களுக்குப் பாதி உண்மைதான் சொல்லும். அதனால் டேப்பை முதலில் நம்புங்கள், மெஷினை அப்புறம். அளவையும் தேதியையும் காலண்டரில் எழுதிவிடுங்கள். அடுத்த அளவு இரண்டு வாரம் கழித்து. தினமும் அளந்தால் மனசுதான் கெடும்.

படி 2: ஒரு சனிக்கிழமை இரவைக் கணக்குப் போடுங்கள்

இது எல்லோரும் தாண்டிப்போகிற படி. எனக்கு இதுதான் கண்ணைத் திறந்தது.

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அரிசி மாவுச்சத்தில் 4, எண்ணெயில் 9. அதாவது ஆல்கஹால் எண்ணெய்க்குப் பக்கத்து வீடு. நம் ஊர்ப் பெரிய பீர் பாட்டில் 650 மி.லி. லேபிளில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் உள்ளே 32.5 மி.லி. ஆல்கஹால், எடையில் சுமார் 26 கிராம், கலோரியில் 182. பீரில் உள்ள மாவுச்சத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 270. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் ஒரு பாட்டில் 380-ஐத் தொடும்.

"பீர் குடிச்சாதான் தொப்பை, பிராந்திக்கு வராது" என்று சொல்லும் மாப்பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள். 42.8 சதவீதமுள்ள 180 மி.லி. குவாட்டரில் சுமார் 430 கலோரி. அதில் கலக்கும் கோலா தனிக்கணக்கு.

இப்போது என் பழைய சனிக்கிழமை: இரண்டு ஸ்ட்ராங் பீர் 760. நூறு கிராம் மிக்சர் 500-க்கு மேல். ஒரு பிளேட் சிக்கன் 65. பதினோரு மணிக்கு சால்னா ஊற்றிப் பிய்த்துப் போட்ட இரண்டு பரோட்டா. எப்படிக் குறைத்துப் போட்டாலும் 2,000 தாண்டுகிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2,110 கலோரி போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. மதியம் அம்மா வைத்த மீன் குழம்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. ஆல்கஹாலை உடம்பால் சேமித்து வைக்க முடியாது. உள்ளே வந்ததும் கல்லீரல் மற்ற வேலையை ஒத்திவைத்து முதலில் அதை எரிக்கும். அந்த நேரத்தில் கொழுப்பு எரிவது அடங்கிவிடும். பரோட்டாவும் சிக்கனும் அப்படியே கிடங்குக்குப் போகும். நம் ஆண்களுக்குக் கிடங்கு வயிற்றுக்குள், குடலைச் சுற்றி.

உங்கள் கணக்கை நீங்களே ஒரு தாளில் போடுங்கள். எதிரே இதை எழுதுங்கள்: 80 கிலோ ஆள் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 300 முதல் 350 கலோரி. ஒரு ஸ்ட்ராங் பீருக்குக்கூட அது முழுதாகக் காணாது.

படி 3: குடியை எங்கே வெட்டுவது

முழுதாக நிறுத்த முடிந்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கார்த்திகையில் மாலை போடும் நண்பர்களைப் பாருங்கள். வருடம் முழுக்கக் குடிக்கிற ஆள் ஒரு மண்டலம் தொடவே மாட்டார். தை பிறக்கும்போது முகம் தெளிந்து, வேட்டி இடுப்பில் தளர்ந்திருக்கும். பக்தி ஒருபக்கம் இருக்கட்டும், அதில் ஒரு ஏற்பாடும் இருக்கிறது. தொடங்கும் தேதி, முடியும் தேதி தெரியும். விடியற்காலைக் குளியல் இருப்பதால் ராத்திரி சீக்கிரம் படுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது. சாமிக்கு எவனும் கிளாஸ் நீட்ட மாட்டான். மாலையைக் கழற்றிய ராத்திரியே பலருக்கு எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது என்பதும் உண்மை. திரும்பி வருவதுதான் நமக்குப் பிரச்சினை.

ஆகவே அந்த ஏற்பாட்டை மட்டும் கடன் வாங்குங்கள். முதல் 48 நாள் முழு நிறுத்தம், காலண்டரில் வட்டம் போட்டு. அதற்குப் பிறகும் குடிப்பதென்றால் மாதத்துக்கு எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு முடிவெடுத்தால் முடிவு எப்போதும் ஒன்றுதான். நான் மாதம் இரண்டு முறை, ஒரு பாட்டில், அதுவும் 5 சதவீதம் என்று வைத்தேன். நண்பர்களிடம் என்ன சொல்வது? "டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார் மச்சான்" என்று கொஞ்ச நாள் ஓட்டினேன். பொய்தான். ஆனால் கொள்கை பேசினால் கிண்டல் செய்கிறவர்கள் மாத்திரை என்றால் விட்டுவிடுகிறார்கள்.

படி 4: சைடு டிஷ், அப்புறம் அந்த பரோட்டா

குடிக்கும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஏழு மணிக்கே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனால் பதினோரு மணிப் பரோட்டா தானாகக் கழன்றுவிடும். மிக்சருக்குப் பதில் வேகவைத்த சுண்டல், அவித்த முட்டை, வெள்ளரிக்காய். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மற்ற நாட்களுக்கு ஒரே ஒரு மாற்றம்: தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய், பருப்பு, முட்டை அல்லது மீன். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 70 சொச்சம் கலோரி. பசி அடங்கி நிற்கும். எலுமிச்சை-தேன் தண்ணீர், வயிற்றைச் சுற்றிக் கட்டும் வியர்வை பெல்ட் இரண்டுக்கும் செலவழிக்கும் காசில் முட்டை வாங்குங்கள். பெல்ட் கழற்றும்போது குறைந்திருப்பது தண்ணீர். ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும்.

படி 5: உங்களுக்கான பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள்

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது நடக்காத காரியம். தசை எங்கே உழைத்தாலும் கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும். நல்ல செய்தி என்னவென்றால், குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு நடை, சைக்கிள் போன்றவற்றுக்குச் சீக்கிரம் அசைந்துகொடுக்கும். சில வாரங்களில் எடை நகராமலேயே டேப் குறைவது இதனால்தான்.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்க என் ஒரே கேள்வி: மழை பெய்தாலும், மாமியார் வந்தாலும் இதைச் செய்வீர்களா? ஜிம் எனக்கு அப்படி இல்லை, போக வர முக்கால் மணி நேரம். நடை அப்படி இருந்தது.

முதல் இரண்டு வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிட நடை. மூன்றாவது வாரத்திலிருந்து விறுவிறுப்பாக 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வாரம் 150 நிமிடம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். தொப்பைக்கு மெல்ல மெல்ல 300 வரை போகலாம். மூட்டுவலி இருந்தால் சைக்கிள் அல்லது நீச்சல். எடுத்த எடுப்பில் ஓடவோ கயிறு தாண்டவோ வேண்டாம். 90 கிலோவை முழங்கால் தாங்கப் பழக வேண்டும்.

வாரம் இரண்டு நாள் தசைக்கு. நம் தாத்தாக்களின் தண்டாலும் பஸ்கியும்தான், ஆனால் எளிதாக்கி:

நாற்காலிக்கு முன் நின்று, பின்பக்கம் நாற்காலியைத் தொடும் வரை உட்கார்ந்து எழுங்கள், 10 முறை. அதுதான் ஆரம்பப் பஸ்கி. தண்டாலைத் தரையில் தொடங்க வேண்டாம். சுவரில் கையூன்றி 10 முறை, இரண்டு வாரம் கழித்து அசையாத மேசை விளிம்பில், பிறகு தரையில். அடுத்து முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடிக்கும் பிளாங்க், 15 விநாடி. முடியாவிட்டால் முழங்காலை ஊன்றிக்கொள்ளுங்கள். கடைசியாக இரண்டு கையிலும் 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி மொட்டை மாடியில் ஒரு நிமிடம் நடை. இந்த நான்கும் ஒரு சுற்று. மூன்று சுற்று, இருபது இருபத்தைந்து நிமிடம். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டும் நல்லதுதான், ஆட்டம் முடிந்ததும் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

படி 6: தூக்கம்

பீர் குடித்தால் சட்டென்று தூக்கம் வரும்; இரண்டு மணிக்கு மேல் அது உடைந்து உடைந்து போகும். மறுநாள் உடம்பு இனிப்பையும் எண்ணெயையும் கேட்கும், நடைக்குக் கால் வராது. நிறுத்திய முதல் வாரம் தூக்கம் கொஞ்சம் தள்ளாடும். பத்தரைக்குப் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

படி 7: ஐந்தாவது வாரம் டேப் நகரவில்லையா?

வாரம் அரைக் கிலோ நியாயமான வேகம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அப்படியானால் தினமும் 550 குறைய வேண்டும். ஐந்து வாரமாகியும் டேப் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் புதுப் பயிற்சி தேடாதீர்கள். வேறு இரண்டு இடங்களில் பாருங்கள்.

ஒன்று, அலுவலக மேசை டிராயரில் இருக்கும் மிக்சர் பாக்கெட். இன்னொன்று, நான் கடைசி வரை கண்டுபிடிக்காதது: டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அது மட்டும் 200 கலோரிக்குப் பக்கம், பாலைச் சேர்க்காமல். டீக்கடையில் "மாஸ்டர், சக்கரை கம்மியா" என்று சொல்லிப் பார்த்தேன். அவருடைய கம்மியும் என்னுடைய கம்மியும் வேறு வேறு. இப்போது "சக்கரை இல்லாம" என்று சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது.