ஈறுக் கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்வது எப்படி?

சேலத்தில் பல் மருத்துவர் ஒருவரிடம் பல் சுத்தம் செய்யும் பணியில் இருக்கிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் முகாம் நடந்தால் அங்கும் போவேன். இரண்டு இடத்திலும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "துலக்கினால் இரத்தம் வருகிறது, அதனால் அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைப்பதில்லை." தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். அந்த இரத்தம்தான் கிருமிக்குச் சாப்பாடு.

கிருமி வளர இரும்பு வேண்டும். நம் உடலோ இரும்பைச் சும்மா வெளியே விடுவதில்லை. இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின், எச்சிலில் லாக்டோஃபெரின் என்ற புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். பெரும்பகுதி சிவப்பணுவின் ஹீமோகுளோபினில், ஹீம் என்ற மூலக்கூறின் நடுவில் இருக்கிறது. ஈறு நோயின் முக்கியக் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸால் ஹீமைத் தானே முழுமையாகத் தயாரிக்க முடியாது. அதனால் ஜின்ஜிபைன் என்ற நொதிகளால் நம் ஹீமோகுளோபினை வெட்டி, ஹீமைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்கிறது. தன் மேல்பரப்பிலும் பூசிச் சேமிக்கிறது. ஆய்வகத்தில் இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் அதை வளர்த்தால் சில நாளில் அது கறுத்துப்போவது அந்தச் சேமிப்பால்தான். என்னை மிகவும் கோபப்படுத்துவது வேறொன்று: இரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜெனையும் இதே நொதிகள் சிதைக்கின்றன. கசிவு நீடிக்க அதுவே வழி செய்துகொள்கிறது.

முதலில் கசிகிறதா என்று பாருங்கள். காலையில் வெற்றிலை போடுவதற்கு முன் துலக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் துப்பிப் பாருங்கள். வெற்றிலைச் சிவப்பில் இரத்தம் தெரியவே தெரியாது. தோட்டத்து அக்காமார் பலருக்கு நோய் முற்றிய பிறகே தெரிய வருவது இதனால்தான். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கசிவு இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது. புகை கசிவைக் குறைத்துக் காட்டும், நோய் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

மென்மையான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் நாரை வைத்து, ஈறை நோக்கி 45 பாகை சாயுங்கள். நார் நுனி ஈறின் விளிம்புக்குள் லேசாக நுழைய வேண்டும். அந்த இடத்தை விட்டு நகராமல், அதிரவைப்பது போலச் சின்னச் சின்ன அசைவு. பிறகு அடுத்த இரண்டு பல். அழுத்தினால் நார் விரிந்துவிடும், விரிந்த நார் உள்ளே போகாது. கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தில் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பல்லில் படிந்து இறுகும் அழுக்கை, அதாவது காரையை, நான் அதிகம் எடுப்பது அங்கேதான். செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். பல் இடுக்குக்குத் தனியாகச் சிறு பிரஷ் இருக்கிறது. அதை இரவில் ஒருமுறை இடுக்கில் விட்டு எடுங்கள்.

முதல் சில நாள் இரத்தம் வரும். பயந்து நிறுத்தாதீர்கள். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற ஆய்வாளரின் குழுவினர் 12 பேரைத் துலக்காமல் இருக்கச் செய்தபோது 10 முதல் 21 நாளில் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது; மறுபடி துலக்கியதும் சுமார் ஒரு வாரத்தில் தேறியது.

இரண்டு வாரம் ஆகியும் கசிந்தால் காரை இறுகியிருக்கலாம். அது பிரஷ்ஷுக்கு அசையாது, பல் மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். "கிருமிக்கு இரும்பு வேண்டும் என்றால் நான் சத்து மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" என்று ஒரு கர்ப்பிணி முகாமில் கேட்டார். கூடாது. இரத்தசோகைக்கு மருத்துவர் கொடுத்ததைத் தவறாமல் சாப்பிடுங்கள். அடைக்க வேண்டியது ஈறில் கசியும் வழியை மட்டுமே.