புரொப்பல்லர் ஷாஃப்டில் தேய்ந்த கிராஸை மாற்றுவது

ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றியதும் வண்டிக்கடியில் ‘டொங்’ என்கிறது; மெதுவாகப் போகும்போது கிரீச் கிரீச் என்று விட்டுவிட்டுக் கேட்கிறது. இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு (சக்கர அச்சின் பல்சக்கரப் பெட்டிக்கு) சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் (யுனிவர்சல் ஜாயின்ட்) உள்ள கூட்டல் குறி வடிவத் துண்டான கிராஸை. ஷாஃப்டை ஒரு கையிலும் அது போல்டால் சேரும் ஃபிளேஞ்சை (விளிம்புத் தட்டை) மறுகையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸிலேயே ஆட்டம் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஃபிளேஞ்சும் சேர்ந்து ஆடினால் அது டிஃபரன்ஷியல் ஆட்டம், வேறு வேலை. கிராஸின் நான்கு கை முனைகளிலும் மாட்டியிருக்கும் கப்பைச் சுற்றிச் செந்துருத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போடுங்கள். கழற்றுமுன் ஷாஃப்ட், ஃபிளேஞ்ச், ஸ்லிப் யோக் (கிராஸைப் பிடிக்கும் கவைதான் யோக்; இது பற்களில் முன்பின் நழுவும் வகை) மூன்றிலும் பெயின்டால் அடையாளம் வையுங்கள். ஸ்லிப் யோக்கை வேறு பல்லில் மாட்டி இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இல்லாமல் போனால், புது கிராஸ் போட்டும் வண்டி அதிரும். ஸ்லிப் யோக் கியர்பாக்ஸுக்குள் போகும் வகையென்றால், உருவும்போது ஆயில் ஒழுகும்; கீழே தட்டு வையுங்கள்.

கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையங்களான சர்க்ளிப்புகளை எடுத்துவிட்டு, யோக்கை வைஸில் வையுங்கள். ஒரு பக்கம் கப்பைவிடச் சிறிய சாக்கெட், மறுபக்கம் கப் முழுதும் உள்ளே போகிற அளவு பெரிய சாக்கெட். வைஸை இறுக்கினால் எதிர்ப்பக்கக் கப் வெளியே வரும். ஷாஃப்ட் குழாயை வைஸில் நசுக்காதீர்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். சின்ன நசுங்கலே பேலன்ஸைக் கெடுக்கும். சர்க்ளிப்பே இல்லாமல் பிளாஸ்டிக் ஊற்றி அடைத்த வகையும் உண்டு. அதைச் சூடாக்கி இளக்கித்தான் கழற்ற முடியும். புது கிராஸ் வாங்கும்போது கப் விட்டம், மொத்த நீளம் இரண்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் சொதப்புவது பொருத்தும்போதுதான். கப்புக்குள் இருக்கும் ஊசிகள் (மெல்லிய பேரிங் உருளைகள்) அதன் சுவரோடு ஒட்டி நிற்கும்படி கிரீஸ் தடவி, கிராஸின் கை கப்புக்குள் இருக்கும்படி பிடித்துக்கொண்டே அழுத்துங்கள். கிராஸின் கை விலகினால் ஒரு ஊசி சரிந்து அடியில் படுத்துவிடும். கப் கொஞ்சம் வெளியே நின்று, சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராமல் போவது அதனால்தான். வைஸை இன்னும் முறுக்காதீர்கள். கப்பை வெளியே எடுத்து ஊசியை நிமிர்த்துங்கள். கிரீஸ் நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்திருக்கட்டும்.

சர்க்ளிப்புகள் மாட்டியபின் மூட்டு விறைப்பாக இருந்தால் யோக்கின் காதுகளில் பித்தளைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கப் பின்னுக்கு நகர்ந்து இளகும். எல்லாத் திசையிலும் தடையின்றித் திரும்ப வேண்டும். நிப்பிள் உள்ள வகையில் நான்கு சீல்களிலும் கசியும்வரை கிரீஸ் அடியுங்கள். ஒன்றில் மட்டும் வராவிட்டால் அந்தக் கை காய்ந்துதான் ஓடும். பிறகு அடையாளம் பார்த்துச் சேர்த்து, ஃபிளேஞ்ச் போல்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்குங்கள்.