ஊரே வந்து ஒரே ரோவில் மோதினால்: டேட்டாபேஸ் டேபிள் அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பலகாரக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் தளம் செய்துகொடுத்தேன். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடியது, தீபாவளிக்கு முந்தைய வாரம் படுத்துவிட்டது. சர்வரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. சிபியு பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது. தப்பு, ஆர்டர்களைச் சேமிக்கும் டேட்டாபேஸில் நான் போட்ட டேபிளில்.

டெலிவரி ஸ்லாட் ஒவ்வொன்றுக்கும் டேபிளில் ஒரு ரோ (குறுக்கே போகும் ஒரு பதிவு), அதில் ‘மீதம்’ என்று ஒரு பத்தி (மேலிருந்து கீழே போகும் column). ஆர்டர் வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். (ரோவும் கியூவும் தமிழில் இரண்டுமே வரிசைதான், அதனால் ரோ என்றே எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.) ஒரு ரோவை யார் முதலில் மாற்றுகிறாரோ, அவருடைய ட்ரான்சாக்‌ஷன் (ஒன்றாகச் சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) முடியும்வரை அதை மாற்ற வரும் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். நானோ ஒன்றைக் கழித்துவிட்டு, பேமெண்ட் கேட்வேயிலிருந்து (ஆன்லைனில் பணத்தை வாங்கித்தரும் சேவை) பதில் வரும்வரை ட்ரான்சாக்‌ஷனைத் திறந்தே வைத்திருந்தேன். பதில் வர மூன்று விநாடி ஆகிறது என்றால் அந்த ஸ்லாட்டில் நிமிடத்துக்கு 20 ஆர்டர்தான் போகும், எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும். காத்திருப்பவர்கள் டேட்டாபேஸ் கனெக்‌ஷனையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நீங்கள் மாற்றாதவரை மொத்தமே 100 கனெக்‌ஷன், அது தீர்ந்ததும் சும்மா முறுக்கு விலை பார்க்க வந்தவருக்குக்கூடப் பக்கம் திறக்காது.

ஆகவே டேபிள் வரையும்போது முதலில் யோசிக்க வேண்டியது, கூட்டம் எந்த ரோவில் வந்து மோதும் என்பதைத்தான்.

தீர்வு இரண்டு கட்டமாக வரும். முதலில் ட்ரான்சாக்‌ஷனைச் சுருக்குங்கள். ‘மீதம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி’ என்று ஒரே அப்டேட் கட்டளையில் எழுதி, தனி டேபிளில் ‘பணம் வரவில்லை, பத்து நிமிடத்தில் காலாவதி’ என்று ஒரு ரோ சேர்த்து, உடனே கமிட் செய்து (உறுதிசெய்து) முடித்துவிடுங்கள். பணம் வாங்குவது அதற்குப் பிறகு, டேட்டாபேஸுக்கு வெளியே. காலாவதியானதைத் திருப்பிச் சேர்க்க அவ்வப்போது தானாக ஓடும் ஒரு சின்ன ஜாப் போதும். பெரும்பாலான கடைகளுக்கு இதோடு வேலை முடிந்தது.

இதற்கும் அடங்காத கூட்டமென்றால் எண்ணிக்கையை ஒரே பத்தியில் வைக்காமல் பிரித்துவிடுங்கள். ஸ்லாட்டில் 80 ஆர்டர் என்றால் 80 ரோ. தேக்கா உணவங்காடியில் மேசை மேல் யாரோ இடம்பிடித்து வைத்த டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அங்கேயே நின்று சண்டை போடுவீர்களா, அடுத்த மேசைக்குத்தானே போவீர்கள்? அதே வேலையைச் செய்வதுதான் ‘ஸ்கிப் லாக்டு’ என்ற கட்டளை: வேறொருவர் பிடித்திருக்கும் ரோவைத் தாண்டி அடுத்த காலி ரோவை எடுக்கும். போஸ்ட்கிரஸ் 9.5 முதலும், இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.0 முதலும் இருக்கிறது.

அப்புறம் யூசர் டேபிள். பெயர், முகவரி, விருப்பங்கள் எல்லாம் இருக்கும் அகலமான ரோவிலேயே ‘கடைசியாக வந்த நேரம்’ என்பதையும் வைப்பது எல்லாரும் செய்யும் தவறு. போஸ்ட்கிரஸ் ஒரு பத்தியை மாற்றினாலும் அந்த ரோவுக்குப் புதுப் பிரதி எழுதும், பழையதைப் பிறகு வாக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்ட வேண்டும். அடிக்கடி மாறுவதைத் தனி டேபிளுக்குத் தள்ளுங்கள், முடிந்தவரை அதன் மேல் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடாதீர்கள்.

இண்டெக்ஸ் என்றதும் கண்டபடி போட்டுத் தள்ளுபவர்கள் உண்டு. ஒவ்வொரு இண்டெக்ஸும், புது ரோ சேர்க்கும் இன்செர்ட்டின்போது கூடுதல் எழுத்து வேலை. இரண்டு பத்தி சேர்ந்த இண்டெக்ஸில் எது முதலில் என்பது முக்கியம், வீவக அடுக்குமாடி முகவரி மாதிரி: புளோக் எண் தெரிந்தால் மாடிக்குப் போகலாம், மாடி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேட்டை முழுக்க அலையத்தான் வேண்டும். ‘இந்த வாடிக்கையாளரின் கடைசி பத்து ஆர்டர்’ என்பதுதான் தினமும் கேட்கப்படும் கேள்வி என்றால் வாடிக்கையாளர் எண் முதலில், தேதி அடுத்து. இன்னொன்று, ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் ரோவைச் சுட்டுவது) பத்திக்கு மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி தானே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரஸ் போடாது. மறந்தீர்களென்றால் ஒரு வாடிக்கையாளரை அழிக்கும்போது ஆர்டர் டேபிள் முழுக்கத் தேடும்.

பிரைமரி கீக்கு (ஒவ்வொரு ரோவையும் தனித்துக் காட்டும் அடையாளம்) பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையை வையுங்கள். சாதா இன்ட் 2,147,483,647-ல் நின்றுவிடும். யூயூஐடிதான் (எங்கே உருவாக்கினாலும் மோதாத நீண்ட அடையாள எண்) வேண்டுமென்றால் நேர வரிசையில் வரும் ஏழாம் பதிப்பு நல்லது, ஏனென்றால் இன்னோடிபி ரோக்களைப் பிரைமரி கீ வரிசையிலேயே அடுக்குகிறது, தாறுமாறான எண் வந்தால் நடுவில் நடுவில் செருக வேண்டியிருக்கும். அடையாள அட்டை எண்ணைக் கீயாக வைக்கவே வைக்காதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் தனியார் நிறுவனங்கள் அதைச் சேகரிப்பதற்கே கடும் கட்டுப்பாடு. அஞ்சல் குறியீட்டை எழுத்தாக வையுங்கள், எண்ணாக வைத்தால் மரினா பே பக்கத்துக் குறியீடுகளின் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும்.

கடைசியாக, நூறு ரோ வைத்துச் சோதித்துவிட்டு வேகமாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். பத்து லட்சம் பொய் ஆர்டர்களை நிரப்பி, பிஜிபெஞ்ச் போன்ற சுமைச் சோதனைக் கருவியில் ஐம்பது பேரை ஒரே ஸ்லாட்டின் மேல் ஏவிவிட்டு, எது காத்திருக்கிறது என்று பாருங்கள். ஆகஸ்ட்டிலேயே பார்த்துவிடுங்கள்.