மாய உலக ஆட்டத்தில் துப்பாக்கி வைக்கலாமா? நெல்லைச் சீமையைக் களமாகக் கொண்ட செய்முறை விளக்கம்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி விளைவுகளைத் தீர்மானிக்கும் மேசை விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் விரைவிலேயே ஒரு கேள்வியை எழுப்புவார்கள்: வாளும் மந்திரமும் உலவும் உலகில் துப்பாக்கிக்கு இடம் உண்டா? உண்டு என்பதே என் முடிவு. ஆனால் துப்பாக்கியின் சேதக் கணக்கை, அதாவது அது எதிரிக்கு எவ்வளவு காயம் விளைவிக்கும் என்பதை எழுதுவதற்கு முன்பே, அதற்கான வெடிமருந்து யார் கையில் இருக்கிறது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். பழைய திருநெல்வேலிச் சீமையைப் போன்ற ஒரு கற்பனை நாட்டில் தம் முதல் ஆட்டத்தை நடத்த விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். ஆயுதங்களுக்கான எண்கள் யாவும் இவ்வகை ஆட்டங்களில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளைச் சார்ந்தவை.

முதல் படி: உடன் ஆடுகிறவர்களைக் கேளுங்கள்

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, துப்பாக்கி வருவதில் யாருக்கேனும் சங்கடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நம் பகுதியில் இது சம்பிரதாயக் கேள்வி அன்று. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அந்த ஊரிலிருந்து வந்து உங்கள் மேசையில் அமர்கிறவருக்கு, கூட்டத்தை நோக்கிச் சுடும் ஒரு காட்சி வெறும் கற்பனையாக இருக்காது. ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். வில்லும் வேலும், வளைந்த எறிதடியான வளரியும் போதுமான ஆயுதங்களே. அதைப் போலவே, இசக்கியம்மனையும் சுடலைமாடனையும் இன்றும் கும்பிடுகிறவர்கள் நம்மிடையே இருப்பதால், அத்தெய்வங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டிய பகையாக வைக்காமல், வேறு பெயரில் உங்கள் சொந்தப் பூதங்களைப் படைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காலத்தை முடிவு செய்யுங்கள்

மாய உலகில் துப்பாக்கி ஒட்டாது என்பவர்கள் பெரும்பாலும் கவசமணிந்த வீரனின் காலத்தில் துப்பாக்கி இல்லை என்று எண்ணுகிறார்கள். ஐரோப்பாவில் கையில் ஏந்திச் சுடும் துப்பாக்கி 14-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசமோ 15-ஆம் நூற்றாண்டில்தான் முழு வடிவம் பெற்றது. பின்னாளில் மார்புக் கவசத்தின்மீது சுட்டுப் பார்த்து, அது தாங்குகிறது என்று காட்டி விற்ற கொல்லர்களும் உண்டு. ஆகவே தகட்டுக் கவசத்தை அனுமதித்துவிட்டுத் துப்பாக்கியைத் தடுப்பதற்கு வரலாற்றைக் காரணமாகச் சொல்ல முடியாது.

நம் பக்கத்துக் கதையும் அப்படித்தான். 1520-இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூரை முற்றுகையிட்டபோது போர்த்துக்கீசியத் துப்பாக்கி வீரர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். 1530-களில் போர்த்துக்கீசியர் தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையில் கால் ஊன்றினார்கள். அதற்குப் பிறகும் வேல் மறைந்துவிடவில்லை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31 அன்று பீரங்கிகளோடு வந்த கும்பெனிப் படை அதன் மண்சுவரை உடைத்து ஏற முயன்றபோது, நீண்ட ஈட்டிகளோடு நின்ற வீரர்கள் அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மே மாதத்தில்தான் கோட்டை வீழ்ந்தது. துப்பாக்கி வந்துவிட்டால் வாளேந்திய பாத்திரங்களுக்கு வேலை இருக்காது என்று அஞ்சும் புதியவருக்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

தொடக்கத்திற்குப் பொருத்தமான காலம், திரியைப் பற்றவைத்துச் சுடும் துப்பாக்கியின் காலமே. அடுத்தடுத்துச் சுடும் நவீனத் துப்பாக்கிகளை முதல் ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: மருந்தின் வழியை வரையுங்கள்

ஒரு தாளில் உங்கள் நாட்டின் வரைபடத்தைப் போட்டு, மேற்கே பொதிகை மலையையும் கிழக்கே கடற்கரையையும் நடுவே தாமிரபரணியையும் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கான கருமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். கரியை எந்த ஊரிலும் சுடலாம். வெடியுப்பை மாட்டுத்தொழுவத்து மண்ணிலிருந்தும் பழஞ்சுவர்களின் உவர்மண்ணிலிருந்தும் எடுக்கலாம். கந்தகம் மட்டும் உங்கள் உலகில் கப்பலில்தான் வர வேண்டும் என்று வைத்துவிட்டால், துறைமுகத்தை ஆள்கிறவர் சொன்னபடி மலையடிவாரப் பாளையக்காரர் ஆட வேண்டிய நிலை தானாகவே பிறக்கும். பாத்திரங்களுக்கும் வேலை கிடைக்கும்: கந்தக மூட்டைகளை ஏற்றிய வண்டிகளைக் காப்பது, அல்லது மறிப்பது.

இங்கே மந்திரவாதியை மறந்துவிடாதீர்கள். பல்லாண்டு பயின்றவர் மட்டுமே வீசக்கூடிய நெருப்பை, சில வாரப் பயிற்சி பெற்ற உழவர் ஒருவர் குழாயிலிருந்து கக்கவைத்தால், மந்திரவாதிகளின் மடம் அதை எப்படிப் பார்க்கும்? அரசு எப்படிப் பார்க்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது: 1801 டிசம்பரில் கும்பெனி அரசு பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்யவும் அறிவிப்பு வெளியிட்டது. அத்தகைய ஆணை ஒன்று உங்கள் கற்பனை ஊரில் தண்டோரா போடப்படும் நாளில் ஆட்டத்தைத் தொடங்கினால், முதல் அமர்விலேயே ஒவ்வொரு பாத்திரமும் ஒரு பக்கம் நிற்க வேண்டி வரும்.

நான்காம் படி: எண்களைப் பாருங்கள்

மஸ்கட் எனப்படும் நீண்ட துப்பாக்கிக்குச் சேதம் ஒரு பன்னிரண்டு முகப் பகடை, சராசரி 6.5. நீண்ட வில்லுக்கு எட்டு முகப் பகடை; சராசரி 4.5. வேறுபாடு இரண்டே புள்ளிகள். தடையின்றிக் குறிவைக்கும் தூரமோ துப்பாக்கிக்கு 40 அடி, வில்லுக்கு 150 அடி. விலையிலும் துப்பாக்கிக்கு 500 பொற்காசு, வில்லுக்கு 50. பாத்திரத்தின் வளர்ச்சிப் படிகளில் ஐந்தாம் லெவலை எட்டிய போர்வீரர், சண்டையில் தம் முறை வரும்போது இரண்டு அம்பு எய்யலாம். துப்பாக்கியில் மருந்து கெட்டிக்க வேண்டியிருப்பதால் ஒரே ஒரு சூடுதான். ஆகவே துப்பாக்கி ஆட்டத்தின் சமநிலையைக் குலைத்துவிடும் என்ற பயத்திற்கு இந்த விதிகளில் ஆதாரம் இல்லை. எண்களை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நீர், ஓசை, வெளிச்சம்

துப்பாக்கிக்கு உயிர்கொடுப்பவை இந்த மூன்றுமே என்பதால், இவற்றுக்கு மட்டும் நீங்களே விதி எழுத வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துச் சாரலில் திரி நனைந்துபோகும். ஐப்பசி மழையில் மருந்தே கரைந்துவிடும். மழையில் சுடும்போது இருபது முகப் பகடையில் 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றும், திரியை மாற்ற, சண்டையில் அவருக்கு வரும் ஒரு முறை செலவாகும் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆற்றைக் கடக்கும் பாத்திரம் மருந்துக் குப்பியைத் தலைக்குமேல் பிடிக்கிறாரா என்று கேளுங்கள். வெடியோசை மலையில் எதிரொலித்து அடுத்த ஊர்க் காவலையும் எழுப்பும். இரவில் எரியும் திரியின் நுனி பனங்காட்டுக்குள் ஒளிந்திருப்பவரையும் காட்டிக்கொடுக்கும். அதன் வாடையை மோப்ப சக்தி உள்ள பூதம் முன்கூட்டியே அறியும். வில்லாளிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதால், இருவரும் ஒரே குழுவில் இருக்கும்போது யார் முன்னே செல்வது என்ற பேச்சு இயல்பாகவே எழும்.

ஆறாம் படி: ஒத்திகை பாருங்கள்

முழுக் கதையைத் தொடங்குமுன் ஒரே சண்டையை இரண்டு முறை நடத்துங்கள்: ஒன்று வெயிலில் தேரி எனப்படும் செம்மணல் காட்டில், மற்றொன்று சாரலில் மலைப்பாதையில். முதல் சண்டையில் துப்பாக்கிக்காரர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், மருந்தின் அளவைக் குறைத்து ஓர் அமர்வுக்கு ஆறு சூட்டுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டாவதில் அவர் ஒன்றுமே செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தால், மழை விதியில் 5 என்பதை 3 ஆக்குங்கள். இரண்டிலும் எல்லோருக்கும் வேலை இருந்தால், அந்த எண்களோடு அடுத்த வாரமே கதையைத் தொடங்கலாம்.