துடிக்கும் இதயத் தசைப் பட்டையை ஆய்வகத்தில் வளர்ப்பது எப்படி?

மதுரைப் பக்கக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் செல் வளர்ப்பு வரை நன்றாகவே செய்கிறார்கள். அடுத்த படிக்கும் அவர்கள் போக வேண்டும் என்பது என் ஆசை. காரணம் இருக்கிறது. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இருக்கிறது. அது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்று 2009இல் வெளியான ஆய்வில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும் ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியின் தங்கராஜும் முக்கியமானவர்கள். அந்த மாற்றம் தசையின் இழுவிசையை என்ன செய்கிறது என்று பார்க்க, தட்டில் ஒட்டிக் கிடக்கும் செல் போதாது. இழுக்கிற தசை வேண்டும்.

செல்

மனிதச் செல்லென்றால் தூண்டப்பட்ட ஸ்டெம் செல்லில், அதாவது எந்தத் திசுவாகவும் மாறும்படி திருப்பப்பட்ட சாதாரண உடல் செல்லில், தொடங்க வேண்டும். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2007இல் காட்டிய வழி அது. விண்ட் என்ற சமிக்ஞையை முதலில் தூண்டி, சில நாள் கழித்து அடக்கினால் அவை இதயத் தசைச் செல்களாக மாறும். இதற்கு உங்கள் நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவிடம் முன்அனுமதி வாங்குங்கள்; 2017 தேசிய வழிகாட்டுதல் அதைக் கேட்கிறது.

கை பழக, கோழிக் கருவின் இதயம் போதும். 1997இல் ஜெர்மன் விஞ்ஞானி எஷன்ஹாகனின் குழு கொலாஜன் என்ற புரதக் கூழில் வளர்த்ததும் கோழிக் கருவின் செல்களைத்தான். கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை வேலைக்கு ஆகாது, அதில் கரு இருக்காது. குஞ்சுப் பண்ணையில் கேட்டு வாங்குங்கள். இதற்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அச்சு

24 குழித் தட்டில், குழிக்கு 1.6 மில்லி வீதம் 2 சதவீத அகரோஸ் கரைசலைச் சூடாக ஊற்றி, டெஃப்லான் கட்டையை நடுவில் இறக்குங்கள். கால் மணி நேரத்தில் இறுகிவிடும். கட்டையை உருவினால் நீளமான பள்ளம் கிடைக்கும். (அகரோஸ் என்பது கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைச் சுத்திகரித்தது. மண்டபம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகாருக்குத்தான் போகிறது.)

இனி, மேலிருந்து இரண்டு சிலிக்கோன் தூண்கள் அந்தப் பள்ளத்துக்குள் தொங்கும்படி வையுங்கள். தூண்கள் வளைந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் எதிர்த்து இழுக்க ஒரு பிடிமானம் இருந்தால்தான் செல்கள் நீளவாக்கில் வரிசைகட்டும். தசையின் அமைப்பே அந்த இழுவையில்தான் உருவாகிறது. இந்த வேலையின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

வார்ப்பது

நிதானமும் வேகமும் சேர்ந்து வேண்டிய இடம் இது. ஒரு பட்டைக்கு 100 மைக்ரோலிட்டர் கலவை. அதில் பத்து லட்சம் செல்கள், மில்லிக்கு 5 மில்லிகிராம் ஃபைப்ரினோஜன் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்). இதுவரைக்கும் எல்லாம் ஐஸில் இருக்கட்டும். 97 மைக்ரோலிட்டர் கலவையை எடுத்து, மில்லிக்கு 100 யூனிட் உள்ள த்ராம்பினில் (ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நாராக்கும் நொதி) 3 மைக்ரோலிட்டரோடு இரண்டு மூன்று முறை மட்டும் மேலும் கீழும் இழுத்துக் கலந்து, உடனே பள்ளத்தில் விடுங்கள். ஆட்டு ரத்தம் பாத்திரத்தில் உறைகிற அதே வேதிவினை இது; யோசிக்க நேரம் தராது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறை சூடாக இருந்தால் பிப்பெட் நுனியிலேயே கட்டியாகிவிடும். குமிழி விடாதீர்கள், குமிழி நின்ற இடத்தில் பட்டை பிறகு அறுந்துபோகும். ஒவ்வொரு பட்டைக்கும் புது நுனி போடுங்கள்.

முதல் நாள் செல் இல்லாமல் வெறும் ஃபைப்ரினை மட்டும் ஒரு தட்டு முழுக்க வார்த்துப் பாருங்கள். கை தானாகப் பழகும், விலையுயர்ந்த செல்லும் வீணாகாது.

37 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம் வைத்த பிறகு, அரை மில்லி மீடியம் (செல்லுக்கு உணவாகும் திரவம்) ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பட்டை அகரோஸிலிருந்து விலகும். அப்புறம் தூண்களை மெல்லத் தூக்கி மீடியம் உள்ள புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

வளர்ப்பது

மீடியத்தில் பத்து சதவீதம் குதிரை சீரம், இன்சுலின், கூடவே அப்ரோட்டினின். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் செல்களே ஃபைப்ரினைக் கரைத்துவிடும். வாரம் மூன்று முறை மீடியம் மாற்றினால் போதும். இன்குபேட்டரை யூபிஎஸ்ஸோடு இணைத்துவிடுங்கள், மின்சாரத்தை நம்பி இருக்க முடியாது.

முதல் சில நாட்களில் நுண்ணோக்கியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் தனித்தனியே துடிக்கும், ஒன்றுக்கொன்று தாளம் சேராது. பிறகு பக்கத்துச் செல்கள் கைகோத்துத் திட்டுத் திட்டாகத் துடிக்கும். ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் பட்டை ஒல்லியாகச் சுருங்கி, முழுதும் ஒரே வீச்சில் இழுக்கும். தூண் நுனிகள் உள்ளே சாய்ந்து நிமிர்வது வெறும் கண்ணுக்கே தெரியும்.

அளப்பது

தூணின் விறைப்பு தெரிந்திருந்தால், வீடியோவில் அது எவ்வளவு சாய்கிறது என்று அளந்து விசையைக் கணக்கிட்டுவிடலாம். அந்த மரபணு மாற்றம் உள்ளவரின் செல்லில் செய்த பட்டையையும் இல்லாதவரின் பட்டையையும் ஒரே நாளில், ஒரே புட்டி ஃபைப்ரினோஜனில் வார்த்தால்தான் ஒப்பிட முடியும். படம் எடுக்கும்போது தட்டை 37 டிகிரியிலேயே வைத்திருங்கள். ஏசி அறையில் வெளியே வைத்தால் துடிப்பு குறைந்துகொண்டே போகும்; புதிதாகச் செய்பவர்கள் திசு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். திரும்பச் சூடாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.