ஸ்விட்ச் லிங்க்குகளை ஒன்றாகக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து எங்கள் குழுவுக்குப் பயிற்சிக்கு வரும் இளையர்கள், இரு ஸ்விட்ச்சுகளுக்கு (வலையமைப்பில் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள்) இடையே ஓடும் பல லிங்க்குகளை ஒரே இணைப்பாகக் கட்டும்போது, நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். கேபிளைத் தவறான போர்ட்டில் செருகுவது போன்றவை உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்ஏசிபி இல்லாமல் கட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கட்டிய லிங்க்குகள் வேலை செய்கின்றனவா என்று இரு முனை ஸ்விட்ச்சுகளும் செய்தி பரிமாறிச் சரிபார்த்துக்கொள்ளும் எல்ஏசிபி நெறிமுறை 2000ஆம் ஆண்டிலேயே ஐஇஇஇ 802.3ஏடி தரநிலையாக வந்துவிட்டது. இருந்தும், 'ஆன்' என்று ஒரு சொல்லைத் தட்டினால் இணைப்பு உடனே எழுந்துவிடுகிறது என்பதற்காகப் பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முறையில் மறுமுனை உண்மையிலேயே கேட்கிறதா என்று ஸ்விட்ச் விசாரிப்பதில்லை. போர்ட்டில் விளக்கு எரிந்தாலே அதற்குப் போதும். மறுமுனையில் போர்ட்டுகளைக் கட்டாமலே விட்டிருந்தால் தரவு முடிவின்றிச் சுற்றும் சுழற்சி ஏற்பட்டு முழு வலையமைப்பும் முடங்கக்கூடும்.

துவாஸில் ஒரு கிடங்கில் நான் இரண்டு லிங்க்குகளை அப்படித்தான் கட்டினேன். இரண்டும் மீடியா கன்வர்ட்டர் (செம்புக் கேபிளின் சமிக்ஞையை ஒளியாக மாற்றும் சிறு கருவி) வழியாக ஒளியிழையில் சென்றன. ஓர் இரவு அவற்றில் ஓர் இழை அறுந்தது. ஆனால் கன்வர்ட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் இடையிலான செம்புக் கேபிள் நன்றாக இருந்ததால், இரு முனைகளிலும் பச்சை விளக்கு அணையவில்லை. எந்தப் போக்குவரத்து எந்த லிங்க்கில் போக வேண்டும் என்பதை ஸ்விட்ச் முகவரிகளை வைத்துக் கணக்கிடுவதால், அறுந்த லிங்க்குக்கு ஒதுக்கப்பட்டவை மட்டும் சத்தமில்லாமல் தொலைந்தன. ஒரு ஸ்கேனர் வேலை செய்தது, அதற்குப் பக்கத்தில் இருந்தது செய்யவில்லை. ஒரே கணினி ஒரு சர்வரை எட்டியது, இன்னொன்றை எட்டவில்லை. லாரிகள் வாசலில் காத்திருக்க, விடியும்வரை சர்வர்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

எல்ஏசிபி இருந்திருந்தால், மறுமுனையிலிருந்து செய்தி நின்றதும் அந்த லிங்க்கை அதுவே விலக்கியிருக்கும். மெதுவான அமைப்பில் செய்தி 30 விநாடிக்கு ஒருமுறை வரும், விலக்க 90 விநாடி ஆகும். விரைவான அமைப்பில் அவை 1 விநாடியும் 3 விநாடியும்தான். இரு ஸ்விட்ச்சுகளும் ஏற்குமானால் விரைவானதையே வையுங்கள்.

இரு முனையும் 'பாஸிவ்'

எல்ஏசிபியில் 'பாஸிவ்' முனை, மறுமுனை பேசினால்தான் பதில் தரும். இரண்டும் அப்படியே இருந்தால் யாரும் முதலில் பேசமாட்டார்கள். ஒரு முனையாவது 'ஆக்டிவ்' ஆக இருக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டிக் கணக்கிடுவது

நான்கு 1 கிகாபிட் லிங்க்குகளைக் கட்டினாலும், ஒரே கோப்புப் பரிமாற்றம் 4 கிகாபிட்டில் ஓடாது. பாக்கெட்டுகளின் வரிசை குலையாமலிருக்க அது ஒரே லிங்க்கில்தான் செல்லும். மேலும், ஸ்விட்ச்சுக்கு அடுத்து ரவுட்டர் இருக்கும் இடத்தில் 'மேக்' முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) மட்டும் வைத்துப் போக்குவரத்தைப் பிரித்தால், ரவுட்டரிலிருந்து ஒரு சர்வருக்கு வரும் அனைத்தும் ஒரே லிங்க்கில் குவியும். அங்கே ஐபி முகவரியையும், செயலிகளைக் குறிக்கும் போர்ட் எண்ணையும் (ஸ்விட்ச்சின் போர்ட் அல்ல) சேர்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

வெவ்வேறு வேகப் போர்ட்டுகள்

கலக்காதீர்கள்.

தவறான இடத்தில் சோதிப்பது

ஸ்விட்ச்சிலிருந்து கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சோதனை முடிந்தது என்று எழுதிக்கொடுக்கிறார்கள். விளக்கு அணைந்தால் 'ஆன்' முறைகூட லிங்க்கை விலக்கிவிடும். கன்வர்ட்டருக்கு அப்பால் உள்ள ஒளியிழையைக் கழற்றி, ஸ்விட்ச்சின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) மீள்கிறதா என்று பாருங்கள்.